வரத்துக்காலில் ஒரு கலையரங்கம்

திருச்சுழி வட்டம்,
ஐப்பசி 5.

அன்புள்ள மகன் ஹரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. துபாயில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, வச்சிரவா" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விழா அழைப்பிதழ் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஜெகதீஸ்வரனே கொண்டுவந்து கொடுத்தான். உன் அப்பாவிடம் ஐந்தாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். இரண்டாவது வருடமும் வீண்தான் என்று இப்போது தெரிகிறது. அழைப்பிதழில் அவன் படம் கைகூப்பிக்கொண்டு பாதிப் பக்கத்துக்கு நிற்கிறது. விழா நாயகரான உன் அப்பா தபால்தலை அளவில் ஓரத்தில் இருக்கிறார். அதற்குக் கீழே 'ஊருணி காத்த உத்தமர்' என்று பட்டம். படித்துவிட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவைப் பற்றி நீ மேடையில் பேசப்போவதாகவும் அதில் போட்டிருக்கிறது. ஹாஸ்டலில் வளர்ந்தவன், உனக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் இந்த ஊர்ப் பள்ளிக்கு ஒற்றை வாத்தியாராக வந்தார். ஆடு மேய்த்த பிள்ளைகளை இழுத்துவந்து உட்கார வைத்தார். சாயங்காலம் அவர்களுடைய அப்பன்மார்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கையெழுத்தை வைத்து அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டுக்கொண்டார்கள். ரிட்டயர் ஆகி இருபத்தொரு வருடமாகத் திங்கட்கிழமைதோறும் எவனாவது ஒருவனுடைய மனுவோடு திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறுகிறார். சங்கையாவுக்கு அலைந்து பட்டா வாங்கிக் கொடுத்தார். மறுமாதமே சங்கையா வேலியை நம் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டான். கேட்டால் உன் அப்பா, "போகட்டும், பாவம்" என்கிறார். நம் வீட்டுக் குழாய் ஆறு மாதமாக ஒழுகுகிறது. அதற்கு மனு எழுத மட்டும் அவருக்கு நேரம் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஊருணி. புரட்டாசி பிறந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத்துக்காலைத் தூர்வாரப் போய்விடுவார். அந்தக் கால் வழியாகத்தான் மழைத் தண்ணீர் ஊருணிக்கு வந்து சேரும். ஆரம்பத்தில் அவரோடு வீட்டுக்கு ஒரு ஆள் வந்தான். பிறகு பத்துப் பேர் ஆனது. குழாய்த் தண்ணீர் வந்ததும் அவர் மட்டும்தான். வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை என்று சிரிப்பார்கள். சித்திரையில் குழாய் வற்றினால் சிரித்த அதே வாய்கள் குடத்தோடு ஊருணிக்கரையில் வரிசையில் நிற்கும். நானும் ஒரு நாள்கூட அவரோடு போனதில்லை. இந்த ஊருக்கு உழைக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று இருந்துவிட்டேன்.

இந்த வருடம் ஆடியில் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். வெயிலும் தூசியும் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அதற்குள் அவருக்குத் தெரியாமல் கட்டி முடித்து ஆச்சரியப்படுத்துவோம் என்று நீயும் ஜெகதீஸ்வரனும் போனிலேயே முடிவு செய்தீர்கள். உன் செலவில், உன் அப்பா பெயரில் கலையரங்கம். எந்த இடம் என்று நீ கேட்டாயா? பஸ் ஸ்டாப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி, சும்மா கிடந்த பள்ளம் என்று சொல்லியிருப்பான். அந்தப் பள்ளம்தான் வரத்துக்கால். பதினோரு மாதம் காய்ந்து கிடப்பதால் இவர்கள் கண்ணுக்கு அது காலி இடம். செங்கல் ஜல்லியைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் மேடை கட்டி, 'ஊருணி காத்த உத்தமர் ஐயாத்துரை கலையரங்கம்' என்று கல்லும் பதித்துவிட்டார்கள். இப்படி ஒரு மரியாதையை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் யோசிக்க முடியாது.

போன வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் மழை கொட்டியது. வந்த தண்ணீர் மேடையின் பின்சுவரில் முட்டி நின்று, திரும்பி, கீழத்தெருவுக்குள் போனது. கருத்தம்மாள் வீட்டு அடுப்பில் முழங்கால் தண்ணீர். ஊருணிக்கு ஒரு சொட்டு இல்லை. சத்தம் கேட்டு உன் அப்பா குடைகூட இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"கோகிலா, நீ தெனம் பாலு வாங்க அந்தப் பக்கந்தான போற. ஒனக்குத் தெரியலையா?"

கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

ஹரி, அது பொய். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றே பார்த்தேன். அது வரத்துக்கால் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஐம்பத்தேழு வருடம் இந்த நன்றிகெட்ட ஊருக்கு உழைத்த மனிதருடைய பெயர் ஒரு கல்லிலாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வாயைத் திறந்தால் அந்தக் கல் வராது. அதனால் மூடிக்கொண்டேன். ஜெகதீஸ்வரன் தெரியாமல் செய்தான் என்றாவது சொல்லலாம். நான் தெரிந்தே செய்தேன். இந்த ஊரை இத்தனை ஏசுகிறேனே, என்னைவிடக் கேடு கெட்டவர் இங்கே யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து அவர் காலையில் கடப்பாரையோடு போய் அந்தப் பின்சுவரைக் குத்திக்கொண்டிருக்கிறார். எழுபத்தொன்பது வயசு. கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். "அவுக பேருல கட்டுனத அவுகளே இடிக்கிறாக, மூளை கலங்கிருச்சு" என்று சங்கையா டீக்கடையில் சொல்லியிருக்கிறான். நான் ஜெகதீஸ்வரனிடம் போய்ச் சுவரை உடைத்து வழி விடச் சொன்னேன். ஹரி அண்ணன் சொன்னால் அன்றைக்கே உடைக்கிறேன் என்றான். நீ சொல்ல மாட்டாய் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த மழை எப்போது வேண்டுமானாலும் வரும். அதுவும் இப்படியே போனால் சித்திரையில் ஊருணி பொட்டலாகத்தான் கிடக்கும். விழாவுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. கடிதம் கிடைத்த நிமிடமே அவனைக் கூப்பிட்டு உடைக்கச் சொல். கல்லோடு சேர்த்து உடைக்கச் சொல். சால்வை எதுவும் வாங்கி வராதே. அவருக்கு ஒரு நல்ல மண்வெட்டிப் பிடி போதும், பழையது விரிசல் விட்டுவிட்டது.

நான் சொன்ன பொய்யை இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்லிவிடுவேன். "போகட்டும்" என்பார். சங்கையாவுக்குச் சொன்ன அதே "போகட்டும்". அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நாளைக் காலை நானும் கூடப் போய் அந்தச் சுவரடியில் நிற்கப்போகிறேன். படம் பிடிக்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் வீட்டுக்குத் தண்ணீர் தடையில்லாமல் வரட்டும், மகனே. சீக்கிரம் போன் பண்ணு.

உன் அம்மா,
கோகிலாம்பாள்