ஆம்பல்வெளியைச் சுற்ற மறுத்த பட்டத்துப் பிடி

திரு ஓங்குக. திறல் ஓங்குக. மழை மட்டும் அளவோடு பெய்க.

வேழமலை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் வென்றிநாதச் சக்கரவர்த்தியின் வலக்கரமும், அவ்வலக்கரம் என்ன எழுதப் போகிறதென்று அதற்கு முன்பே அறிந்தவரும், பொன்னெயில் நகரத்து மாமந்திரியுமாகிய நயதீரராயர் அவர்களின் திருவடிகளுக்கு, எல்லை வகுக்கும் அளவுநாயகம் அமுதன் கண்டன் எழுதுவது. எழுத்து கோணியிருந்தால் அது அவமதிப்பு அன்று, ஓலை நனைந்திருக்கிறது.

அரண்மனை அலுவலர் முந்நூறு பேருக்கு மாடிவீடுகள் அமைக்கச் சிற்றாம்பல் என்னும் நாற்பது வீட்டு ஊரைச் சூழ்ந்த ஆம்பல்வெளியை அளந்து வரும்படி அருளினீர்கள். ஏரும் செங்கல்லும் இவ்வெளியில் புகலாகாது என்று சக்கரவர்த்தியின் பாட்டனார் வெட்டிவைத்த காப்புக் கல்வெட்டு இன்னும் நிற்கிறது. அக்காப்பை நீக்க வேண்டுமானால் பட்டத்துப் பெண்யானை அந்நிலத்தை ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும் என்பதும், நடக்கையில் அங்குசம் அதன் மேல் படலாகாது என்பதும், அது நடந்த தடமே குடியேற்றத்தின் எல்லை என்பதும் தாங்கள் அறிந்த முறையே. ஆகவே பட்டத்துப் பிடி அலங்காரவல்லியோடும், பாகன் கொற்றியோடும், முரசோடும், மெய்க்கீர்த்தி பாடுவோர் நால்வரோடும் சென்றேன்.

மெய்க்கீர்த்தியை ஊரார் முழுவதும் நின்றே கேட்டனர். உட்கார இடம் காட்ட நாங்கள் மறந்திருந்தோம். அதன்பின் மேய்ச்சல் காவலுக்கு உரிய மாசாத்தி என்பவள் முன்வந்து சொன்னதை, பிழை பொறுக்க வேண்டி, அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன்.

"சாமி, மலைத்தண்ணி அம்புட்டும் இந்த வெளியிலதான் வந்து உக்காந்து போவுது. அதுக்கு உக்கார இடமில்லேன்னா எங்க வீட்டுக்குள்ள வரும். நாப்பது வீட்டுப் புள்ளைகளையும் நாங்க எந்தக் கூரையில ஏத்துறது?"

புதிய வீடுகளுக்கு அகன்ற வாய்க்கால்கள் உண்டென்று விடை பகர்ந்தேன். அவ்வாய்க்கால்கள் எங்கே போய் முடியும் என்று வினவினாள். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். சிற்றாம்பல் இருக்க வேண்டிய இடத்தில் அரண்மனைச் சித்திரகாரர் ஒரு தாமரையை வரைந்திருந்தார். வாய்க்கால்கள் அனைத்தும் அத்தாமரைக்குள் போய் முடிந்தன. படத்தைச் சுருட்டிக்கொண்டு முரசறையச் சொன்னேன்.

அங்கே அடியேன் ஒரு பிழை செய்தேன். ஊரார் அஞ்ச வேண்டும் என்பதற்காக, பிடி நடந்த தடத்தை இனி மன்னரே வந்தாலும் மாற்ற இயலாது என்று சக்கரவர்த்தியின் திருப்பெயரால் மும்முறை ஆணையிட்டு அறிவித்துவிட்டேன். ஒருமுறையே போதும் என்று கொற்றி காதோடு சொன்னான். கேட்கவில்லை.

அலங்காரவல்லி வெளியின் விளிம்புக்கு வந்தது. முன்காலை எடுத்து வைத்தது. சேறு கணுக்கால் வரை ஏறியது. காலை உருவிக்கொண்டது. துதிக்கையால் தரையைத் தட்டிப் பார்த்தது. எங்கள் அனைவரையும் ஒருமுறை நோக்கிவிட்டுத் திரும்பியது. அங்குசம் தொட்டால் வரும், ஆனால் முறை கெட்டுப்போகும், நாயகம் என்ன சொல்கிறீர் என்று கொற்றி கேட்டான். அடியேன் வாய் திறப்பதற்குள் பிடி தென்மேட்டில் ஏறிவிட்டது.

தென்மேட்டில் இருப்பது தங்கள் வசந்தமாளிகை என்பதை நினைவூட்டத் தேவையில்லை. கெட்டித் தரையைக் கண்ட பிடி மாளிகையையும், பலாத்தோப்பையும், குளிக்கும் குளத்தையும், தங்கள் அம்மையார் வளர்க்கும் மல்லிகைப் பந்தலையும் உள்ளே வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அதன் பின்னேயே ஊரார் நாங்கள் கொண்டுவந்திருந்த எல்லைக்கற்களைச் சுமந்து சென்று ஆழ நட்டுவிட்டனர். அரசப்பணிக்கு இத்தனை விரைவாய் ஆள் வந்து அடியேன் கண்டதில்லை.

அன்று பிற்பகலே மழை பிடித்தது. மூன்று நாள் ஓயவில்லை. முந்நூறு வீட்டுக்கும் ஆம்பல்வெளியில் அடியேன் முன்கூட்டி நட்டிருந்த கொடிகளில் இன்று துணி மட்டும் நீர்மேல் தெரிகிறது. நாற்பது வாசலுக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். ஒரு படியிலும் தண்ணீர் ஏறவில்லை. கொடி நின்ற இடத்தில் சுவர் நின்றிருந்தால் அவ்வளவு நீரும் எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோது கடைசி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தங்களிடம் உள்ள அச்சம் குறைந்ததோ என்றால் குறையவில்லை; அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து அமர்ந்தது, அவ்வளவே.

மறுபடியும் பிடியை நடத்தலாமே என்று தாங்கள் கருதக்கூடும். பட்டத்துப் பிடியின் தடத்தைப் பொய் என்பவன் தலை உடலில் தங்காது என்று விதித்த ஓலையில் கைச்சாத்து தங்களுடையது. இதற்கிடையே செய்தி தலைநகருக்கு எட்டிவிட்டது. வீடு பெறும் முந்நூறு பேரில் ஒருவரான சேனாபதியின் மைத்துனர் நேற்றே வந்து, தங்கள் பள்ளியறை தமக்கு மாட்டுக்கொட்டிலாகப் பொருந்துமா என்று கோல் வைத்து அளந்து போனார். எஞ்சியோர் இன்றிலிருந்து ஏழாம் நாள் குடும்பத்தோடு வருகின்றனர்.

தடத்தை மாற்ற வழியில்லை; குடியேற்றத்தையே நிறுத்த முறையில் ஒரே வழி உண்டு. ஆம்பல்வெளியின் காப்பை நீக்கும் எண்ணத்தையே கைவிட்டதாக மாமந்திரி தம் முத்திரையோடு விண்ணப்பித்தால், குடியேற்றம் முழுவதும் ரத்தாகும். வெளியும் தப்பும், மேடும் தப்பும். அவ்விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் வெளி என்றென்றைக்கும் காக்கப்படும் என்று கண்டுள்ளது. வாசகம் அடியேனுடையது அன்று. மாசாத்தி சொல்லச் சொல்ல எழுதியது. என்றென்றைக்கும் என்பது சற்று மிகை அன்றோ என்று கேட்டேன். "அப்ப மல்லிகைப் பந்தலப் பிரிச்சிறலாமா?" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் கதிர் சாய்வதற்குள் முத்திரை வந்து சேர்க. வராதாயின், முந்நூறு வீடுகளுக்கும் தென்மேட்டில் கயிறு பிடிக்க அடியேன் ஆணையால் கட்டுண்டவன். அளவுநாயகத்தின் இலச்சினை இட்டு, இருமுறை அஞ்சி, ஒருமுறை வணங்கி, ஓலையைக் கட்டினேன். குடி வாழ்க, கோல் வாழ்க.