மைனர் தீர்க்கதரிசிகள்

என் எஸ்தர் அக்காவுக்கு,

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆங்கிலத்தில் வாய் திறக்க முடியாமல் இரண்டு தடவை கோட்டை விட்டவள் நான். மூன்றாவதும் போயிருந்தால் நான்கு வருஷ இறையியல் படிப்பு பட்டமில்லாமல் முடிந்து, மயிலாடும்பாறைக்குப் பெட்டியைக் கட்டியிருப்பேன். எங்கள் ஐயா தக்காளிக் காட்டில் எனக்கு வேலைகூடப் பார்த்து வைத்திருந்தார்.

முதல் வருஷ வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? மைனர் ப்ராஃபெட்ஸ் என்றால் யார் என்று வாத்தியார் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமோஸ், மீகா என்று அந்தத் தீர்க்கதரிசிகள் எல்லோரும் தமிழில் உனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ‘மைனர்’தான் காலை வாரிவிட்டது. கையைத் தூக்கி, “பிலோ எய்ட்டீன், சார்” என்றாய். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலம் துணி துவைக்கும்போது கேட்டாய்.

“நீ என்னத்தடி நெனச்ச?”

“கழுத்துல மைனர் செயின் போட்டுக்கிட்டு ஊரச் சுத்துனவுகன்னு நெனச்சேன்க்கா.”

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் நீ கையே தூக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே வெகு நாளாயிற்று.

மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கெங்குவார்பட்டியில் உன் அடக்கம் முடிந்ததும் உன் அம்மா என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுதி வைத்திருந்தாய். பாதி தப்பு, பாதி சரி. அதில் ஒன்றையாவது நீ வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாம் நமக்கு நடத்தினார்கள். ‘புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்க யாரும் பழக்கவில்லை.

இந்தத் தடவை வைவாவில் அதே மைனர் ப்ராஃபெட்ஸ் கேள்வி வந்தது, அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்றார்கள். தட்டுத்தடுமாறி, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் நம் கதை முழுவதையும் சொன்னேன். கேள்வி கேட்ட கேரளத்து வாத்தியாருக்கு மைனர் செயின் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் விளக்கிச் சொன்னதும் அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஸோ, ஒய் மைனர்?” என்றார்.

“ஸ்மால் புக், சார். நாட் ஸ்மால் மேன்.”

வெளியே வந்த பிறகுதான் இத்தனை நேரம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன் என்றே தெரிந்தது. அப்பாடா என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொரு செய்தி. “புதுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ நீயே எடுத்துரு ரூத்து. அவுக பயம் ஒனக்குத்தான் தெரியும்” என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆரம்பம். தேவதானப்பட்டியிலிருந்து வந்திருக்கும் ஒருத்தி இப்போதே வந்து கேட்டுவிட்டாள்.

“அக்கா, தப்பாப் பேசுனா சிரிப்பாகளா?”

“சிரிப்பாகத்தான்” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் வகுப்பில் யார் தப்பாகப் பதில் சொன்னாலும், சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வியையும் அவளிடமே கேட்பேன். உன்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
ரூத்து