முற்போக்கு என்றால் என்ன அம்மா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வடிவு கும்பிட்டு எழுதுகிறேன். ஓசூரில் நான் சுகம். பீடி சுற்றி மரத்துப்போன உன் விரல்கள் இப்போது தேவலையா? முக்கூடலில் ஆற்றில் தண்ணீர் போகிறதா?

சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் கம்பெனி விடுதிக்கு ஒருவர் வந்தார். நோட்டீஸில் ‘முற்போக்கு வேட்பாளர்’ என்று போட்டிருந்தது. பெண்ணுரிமை பற்றி அருமையாகப் பேசினார். எங்களுக்கெல்லாம் சொந்த ஊரில்தான் ஓட்டு என்று தெரிந்ததும், பேச்சைப் பாதியில் விட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

“முற்போக்குன்னா என்னட்டி?” என்று என் அறையில் இருக்கும் ராதாபுரத்துப் பிரேமலதாவிடம் கேட்டேன்.

“பாத்தேல்லா? நிக்காம முன்னால போயிட்டாவல்லா, அதாம்ட்டி!”

வாட்ச்மேன் வந்து அதட்டும்வரை சிரித்தோம்.

மறுநாள் இன்னொரு வேட்பாளர் வந்தார், ஒரு பெண். ஓட்டில்லை என்று முதலிலேயே சொன்னோம். “இருக்கட்டும்மா, நீங்க இருக்கிறது இங்கதானே” என்று படியில் உட்கார்ந்தார். தண்ணீர் வருகிறதா, ஷிப்ட் முடிந்து வர பஸ் இருக்கிறதா என்று கேட்டார். அவர் நோட்டீஸில் அந்தச் சொல்லே இல்லை. அப்படியானால் யார்தான் முற்போக்கு? அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்குப் போடட்டும் என்று கேட்டிருந்தாயே. நான் வர லீவு கிடைக்குமா தெரியவில்லை. நம் தெருவுக்கு வருகிறவர்களிடம், மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிப் பார். “பிள்ள அங்கன சொகமா இருக்காளா?” என்று கேட்பவருக்குப் போடு.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு. கம்பெனி பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் மகள்,
வடிவு

யாருமே அப்படிக் கேட்காவிட்டால், நான் சுகமா என்று நீயாவது கேட்டு எழுது.