ஏழாம் நம்பரில் ஏறிய மேம்பாலம்

மார்ச் 6, வியாழன்

நான்கு நாளாகச் சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் புளுகிக்கொண்டிருக்கிறேன். "எங்க வாசல்ல ஏறி உட்கார்ந்தா இங்க கேட்லதான் இறங்குவேன்" என்று. பச்சைப் பொய். மேம்பாலத்து ஏற்றம் வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முனகிக்கொண்டு நடக்கிறேன். அந்தப் பக்கத்து இறக்கத்தில் மறுபடி ஏறி, மகாராணி மாதிரி கேட்டில் வந்து இறங்குகிறேன். வயது நாற்பத்தெட்டு. வெட்கமாக இல்லையா? கொஞ்சம் இருக்கிறது.

வேறு வழியில்லை. ஒன்றாம் தேதியோடு எங்கள் பக்கத்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் பூரா காலைல ஆறு மணிக்கு வந்து காட்டுங்க. ஒரு நாள் தவறினாலும் சாயங்கால ஷிஃப்ட்தான்."

வீட்டுக்காரருக்கு இரவுக் காவல் வேலை. ஏழு மணிக்குக் கிளம்பினால் விடிந்துதான் வருவார், வந்ததும் குறட்டை. நான் இரண்டு மணிக்கு வேலை முடித்து வந்த பிறகுதான் எழுந்திருப்பார். அந்த நாலைந்து மணி நேரம்தான் எங்கள் குடித்தனம். எனக்கும் சாயங்காலம் என்றானால் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷனைக் கேலி செய்தே பழகிவிட்டேன். இனிமேல் யாரைச் செய்வது, பீரோவையா?

மார்ச் 7, வெள்ளி

சைக்கிள் நாத்தனாருடையது. உடம்பு இளைக்க வாங்கி, ஈரத்துண்டு காயப்போட்டு வைத்திருந்தாள். இன்று ஃபோனில், "பாத்து ஓட்டுங்க அண்ணி, இன்னும் புதுசு" என்றாள்.

"தெரியும்மா, உன்னைப் பாத்தாலே அது புதுசுன்னு தெரியுது" என்றேன்.

வைத்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

பலகையில் 'இணைப்புப் பாதை' என்று போட்டிருக்கிறது. ஊரின் அந்தத் தலையையும் இந்தத் தலையையும் இணைக்கிறதாம். ஒரு பக்கம் சிமெண்டுச் சுவர், மறுபக்கம் கம்பி வேலி. வேலிக்கு அந்தப்புறம் நெடுஞ்சாலை. ஆறு வரிசையில் வண்டிகள், அந்த நேரத்திலேயே. பெரிய லாரி போனால் அதன் காற்று வந்து கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறது, சொந்தக்கார மாமி மாதிரி.

ஒரு நல்லது. அந்த இரைச்சலில் என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காது. இன்று அரை மைல் தூரம் சூப்பர்வைசரை வாயாரத் திட்டிக்கொண்டே போனேன். நெஞ்சு லேசாகிவிட்டது.

மார்ச் 12, புதன்

5:59.

எதிர்க்காற்று. ஏற்றத்தில் தள்ளக்கூட முடியவில்லை, காலெல்லாம் கஞ்சியாகிவிட்டது. வருகைக் கைரேகையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

இன்னும் எத்தனை நாள் இப்படித் தள்ள முடியும்? என்னால முடியாதுடியம்மா. முட்டி ரெண்டும் தனியா அழுவுது. — வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "முகம் ஏன் வாடியிருக்கு?" என்றார். "உங்களைப் பாத்துட்டேன்ல, அதான்" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

இதை எழுதச் சிரிப்பாக வருகிறது.

தினமும் என்னைத் தாண்டிப் போகிறவர் ஒருவர், பளபளவென்று பச்சைச் சட்டை, நான் வைத்த பெயர் பச்சைக்கிளி. இன்று ஏற்றத்தடியில் நான் மூச்சு வாங்க நின்றபோது அவரும் நின்றார். என் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார்.

"அக்கா, தினமும் கியரை ஏழுலயா வச்சு ஓட்டுறீங்க?"

"ஆமா. கஷ்டமான பாதையாச்சே."

"அக்கா… ஏத்தத்துக்கு ஒண்ணு."

நான் என்ன கண்டேன்? எங்கள் தேய்ப்பு மெஷினில் மெல்லிய துணிக்கு ஒன்று, தடித்த போர்வைக்கு ஏழு. வேலை கடினமென்றால் நம்பரைக் கூட்ட வேண்டும். இருபது வருஷமாக அதுதானே பாடம்! பத்து நாளாக நான் சைக்கிள் ஓட்டவில்லை, பாறையை உருட்டியிருக்கிறேன்.

"இத்தனை நாள் ஏழுலயே வந்தீங்களா?" என்று அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

ஏறிவிட்டேன்!

ஒன்றில் வைத்தேன். கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சைக்கிள் நகருகிறதா என்றே சந்தேகம். நடந்து போகிறவள்கூட முந்திவிடுவாள். போகட்டும். இறங்கவில்லை! உச்சியில் நின்று கீழே ஓடுகிற வண்டிகளையெல்லாம் பார்த்து, "போங்கடா, போங்க" என்றேன். ஒருத்தனுக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மார்ச் 19, புதன்

5:41. டீ குடித்துவிட்டுக் கைரேகை வைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

இந்த நாளைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குப்புறக் கிடந்தது. ஆறு வரிசையும் அசையவில்லை. கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு விளக்கு. என் பாதை மட்டும் காலி. மணியை அடித்துக்கொண்டே போனேன், வழிவிட ஆளில்லாவிட்டாலும்.

ஏற்றத்துக்கு முன்னால், வேலியை ஒட்டிய வரிசையில் தெரிந்த கார். தெரிந்த வழுக்கை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் எங்கள் சூப்பர்வைசர்.

"சார்! வேலியைத் தாண்டி வாங்க. பின்னாடி உட்காருங்க, இறக்கி விடுறேன்!"

"ஏம்மா, நீயா?"

"நானேதான். ரொம்ப நேரம் நிக்க முடியாது சார், ஆறு மணிக்கு ஷிஃப்ட்டு!"

பிறகு ஏற்றம். பக்கத்தில் நூறு வண்டிகள் நிற்க, நூறு பேர் பார்க்க, நான் ஒன்றாம் கியரில் ஏறினேன். மெதுவாகத்தான். அவசரம் என்ன? யாரோ ஹாரன் அடித்தார், இன்னொருவர் அடித்தார், அப்புறம் வரிசையாக அடித்தார்கள். என்னைத் திட்டி இல்லை. நிச்சயமாக இல்லை.

5:46-க்குக் கைரேகை. சூப்பர்வைசர் வந்தது 7:10. நாங்கள் எட்டுப் பெண்களும் கடிகாரத்துக்குக் கீழே வரிசையாக நின்று கடிகாரத்தைப் பார்த்தோம், அவரைப் பார்த்தோம்.

அவரே சிரித்துவிட்டார்.

மார்ச் 31, திங்கள்

சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். காலை ஷிஃப்ட், முதல் பெயர் என்னுடையது. சூப்பர்வைசர் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார். மூன்று தடவை போய் வாசித்தேன். எழுத்து எழுத்தாக ரசித்துத்தான்.

ஏப்ரல் 2, புதன்

மூன்று மணிக்கு டீ குடிக்கும்போது வீட்டுக்காரர், "நீயே ஓட்டுறப்ப நான் ஓட்ட மாட்டேனா?" என்றார். கொடுத்தேன். தெருக்கோடி வரை நன்றாகத்தான் போனார். திரும்பி வருகையில் எனக்குக் கை காட்டினார். அடுத்து முன்பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை. எதிர்வீட்டுச் செடிவேலிக்குள் போனார். கூப்பிட்டதற்கு, "இருக்கேன்" என்றார். மணிக்கட்டில் சுளுக்கு. டாக்டர் ஐந்து நாள் வேலைக்குப் போகக் கூடாதென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்து ராத்திரியும் கேலி செய்ய ஆள் வீட்டிலேயே. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.