பத்தாவது கேள்விக்கு உன் பதில்

காலை 7.40

கோரி,

ஆட்டிறைச்சி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் இருக்கிறது. பின்கதவுச் சாவி மீட்டர் பெட்டிக்குள். நான்கு மணிக்கு உன் அக்கா டிரிஷ் வருகிறார். நாயைக் கட்டி வை.

டிவி போலீஸ் தொடரில் நாம் எந்தப் பாத்திரம் என்று சொல்லும் அந்த க்விஸ் நினைவிருக்கிறதா? ஞாயிறன்று உனக்காக நான்தான் பதில் போட்டேன். சார்ஜென்ட் டன்மோர் என்று வந்தது. பெண்டாட்டியிடம் எதையும் மறைக்காத மனிதர். "அப்படியே நான்தான், பாத்தியா!" என்று குதித்தாய்.

இன்று டேப்லெட்டைத் திறந்தேன். நீ தனியாக இன்னொரு முறை செய்திருக்கிறாய். மாறுவேடத்தில் அலையும் ஹேவர்டன் என்று வந்திருக்கிறது. வெளியூரில் வேலை கிடைத்தால் மனைவியிடம் எப்போது சொல்வாய் என்பது பத்தாவது கேள்வி. "அன்றைக்கே" என்று நான் போட்டிருந்தேன். "கையெழுத்துப் போட்ட பிறகு" என்று நீ போட்டிருக்கிறாய்.

விளையாட்டுதானே என்பாய். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு இரும்பு முனை வைத்த பூட்ஸ் எதற்கு? உன் வண்டியில் பார்த்தேன், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வடக்கே சுரங்க வேலை என்றால் மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. புருஷனைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்து வீட்டு ஷெரில் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறோம்.

கையெழுத்துப் போட்டாயிற்றா? அதை மட்டும் சொல்.

லியான்

உருளைக்கிழங்கை வேகவைத்துவிடு.

டாலியாவைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்கிறாள்: "அப்பா சுரங்கத்துலேருந்து எனக்கு தினமும் ஃபோன் பண்ணுவாராம். உனக்கும் பண்ணுவாராம்மா?"