கடற்பாசித் தட்டுகள்

சனிக்கிழமை இரவு, வெள்ளவத்தை.

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று எங்கள் மருத்துவ பீடத்தில் புதிய பக்டீரியா ஆய்வுகூடத்தைத் திறந்தார்கள். பேராசிரியர் மேடையில் பழைய கதை சொன்னார். யுத்த காலத்தில், கிருமி வளர்க்கும் தட்டுகளை இறுக வைக்கும் ஏகார் தூள் வராமல் போனபோது, அந்தத் தட்டுகளைக் கடைக் கடற்பாசியில் செய்து வகுப்பை நடத்தியது தான்தானாம். எல்லோரும் கைதட்டினார்கள். ஆய்வுகூடத்துக்கும் அவர் பெயர்தான்.

அதைச் செய்தது ரீட்டா. கொட்டாஞ்சேனைக்காரி, என்னோடு விரிவுரையாளராக இருந்தவள், இப்போது உயிரோடு இல்லை. அது நோன்பு மாதம்; கிராண்ட்பாஸ் கடையில், நோன்பு துறக்கப் பாசி வாங்க வந்தவர்களுக்கு நடுவே அவள் பாசி வாங்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன்.

"என்ன மிஸ், நீங்களும் நோன்பா?" என்றார், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர்.

"நான் இல்லை, நானா; என்ர கிருமிகள்தான் பட்டினி" என்றாள் ரீட்டா.

முதல் தடவை தட்டுகள் இறுகவில்லை. "சீனி போட்டுக் குடிப்பம்" என்று சிரித்தாள். மறுபடி காய்ச்சித் துணியில் வடித்தோம். அடுத்த நாள் அவற்றில் கிருமிகள் பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தன. அப்படியொரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. பேராசிரியர் அப்போது, பாசி நாறுகிறது என்று யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போனவர்.

பழைய மாணவர்களின் முகநூல் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். என் பெயரைப் போட்டால், பதவி கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பெயரில்லாமலே போடுகிறேன். அதில் ரீட்டாவின் பெயர் இருந்தால் போதும்.