“ஏட்டி, பையை எடுத்தியா?” தினமும் காலையில் நீ கத்துவது இங்கேயும் காதில் கேட்கிறது.

அம்மா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட. உன் முழங்கால் வலி குறைந்ததா? சித்தி வீட்டில் நான் நன்றாக இருக்கிறேன்.

எனக்குத் தெலுங்கு எழுத வராது என்றுதானே இந்த ஊர்ப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தேன்? அதில் தேறாவிட்டால் என்னை ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று சித்தி நேற்று சித்தப்பாவிடம் சொன்னார்கள். கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. ஆனாலும் தேறிவிடுவேன், பார்.

இன்று பிரெஞ்சு வகுப்பில் பேசிப் பழக மிஸ் என்னை அம்மாவாகவும், என் பக்கத்தில் உட்காரும் அஸ்வினியை மகளாகவும் நிற்கவைத்தார்கள். பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்கு நான் எல்லாவற்றையும் பிரெஞ்சில் நினைவுபடுத்த வேண்டும்.

“ஏட்டி, நூப்லி பா தொன் கார்த்தாப்ள்!” என்றேன். பையை மறக்காதே என்று அர்த்தம்; ஏட்டி மட்டும் நீ என்னைக் கூப்பிடுவது, தானாக வந்துவிட்டது.

“மிஸ், ஏட்டியும் ஃப்ரெஞ்சா?” என்றாள் அஸ்வினி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இங்கே யாரும் என்னிடம் ஏட்டி, பையை எடு என்று சொல்வதில்லை அம்மா. காலையில் நானே எனக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நலம் விசாரிக்காதே. தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ், சீக்கிரம் கிளம்புட்டி என்று தினமும் கத்துவாயே, அதை அப்படியே கத்து. நான் பிரெஞ்சில் பதில் சொல்லிப் பழக வேண்டும். சித்தி கேட்டால் கேட்கட்டும்.

இதை அஸ்வினி மாரெட்பள்ளி தபால் நிலையத்தில் போட்டுவிடுவாள். கத்த மட்டும் மறந்துவிடாதே. யாரோ கதவைத் தட்டுகி…